ஓரத்தை ஏன் வெட்டினீர்கள்?

கேள்வி: நான் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியர். சிறுவர் புத்தகங்களுக்கும் படம் போடுகிறேன். அடுத்த மாதம் ஓவிய ஆசிரியர்கள் கூட்டத்தில் 'கூட்டுப் படைப்பு' பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். மேடை என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுத்தாளர்களோடு வேலை செய்த அனுபவத்தைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். என் கோட்டுப் படங்களுக்கு வாட்டர்கலர் போடுவது அக்காதான். அவர் நிறம் தொட்டுப் பார்த்த கறைகள் தாள் ஓரத்தில் இருந்தன. அவற்றை வெட்டிச் சுத்தம் செய்து ஸ்லைடும் தயார். பதற்றம் போக வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மேடைப் பயத்துக்கு மருந்து கேட்டுக் கடிதம் வராத வாரமே இல்லை. அதை விடுங்கள். என்னை உறுத்துவது அந்தக் கறைகள்.

கூட்டுப் படைப்பைப் பற்றிப் பேசப் போகிறவர், கூட வேலை செய்தவரின் கைத்தடத்தைக் கத்தரித்துவிட்டா மேடையேறுவது? அது கறையா? பச்சையில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டால் வாழைக்குருத்து வருமா, இன்னொரு சொட்டு வேண்டுமா என்று உங்கள் அக்கா தொட்டுத் தொட்டுப் பார்த்த இடம் அது. வாட்டர்கலர் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வெளுத்து வேறு நிறம். தொட்டு வைத்துவிட்டு அது காயும்வரை காத்திருந்திருக்கிறார். இதைத்தானே வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

அக்பரின் ஓவியக்கூடத்தில் 1590களில் உருவான, அவர் ஆட்சி வரலாற்றைச் சொல்லும் அக்பர்நாமா நூலின் ஓவியங்கள் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. படத்துக்குக் கீழே, ஓரத்தில், உருவம் அமைத்தவர் இன்னார், வண்ணம் தீட்டியவர் இன்னார் என்று எழுதியிருக்கும். சில படங்களில் முகம் மட்டும் வரைந்தவருக்குக்கூடத் தனியாகப் பெயர் உண்டு. அக்பர் யானை மேலேறிப் படகுப் பாலத்தில் பாயும் படத்தில் அமைத்த பசாவனின் பெயரோடு வண்ணம் தீட்டிய சேதரின் பெயரும் இருக்கிறது. அரண்மனை வேலையாட்களுக்கு ஓரத்தில் கிடைத்த இடத்தை, கூடப் பிறந்தவளுக்கு நீங்கள் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். புத்தகத்தில் அக்கா பெயர் இருக்கிறதா? வந்த பணத்தில் அவர் பங்கு எவ்வளவு? இரண்டைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வரி இல்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். அது தம்பி செய்ய வேண்டிய சீர். வேலைக்குக் கூலி வேறு. சீரைக் காட்டிக் கூலியை விழுங்குகிற வழக்கம் நம் வீடுகளில் காலங்காலமாக இருக்கிறது. 'வீட்டு ஆள்தானே' என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களின் உழைப்பைத் தின்றிருக்கிறோம்! எனக்கு இதில் பொறுமை கிடையாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரிஜினல் தாள்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போங்கள். ஓரம் தெரிய மறுபடி ஸ்கேன் பண்ணலாம் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பொட்டும் எதற்கு வைத்தது, எந்த இடத்தில் உங்கள் கோடு அவருக்கு இடைஞ்சலாக இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். பணக் கணக்கையும் அன்றைக்கே பேசி முடியுங்கள். அடுத்த பதிப்பில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் பதிப்பாளருக்குக் கடிதம் போடுங்கள். பிறகு, கூட்டத்துக்கு வர முடியுமா என்று கேளுங்கள். வருகிறேன் என்றால் இருபது நிமிடத்தில் பத்து அவருடையது.