சமூக அடையாளம் ஒருவருடைய திறமையைப் பாதிக்குமா?

சமூக அடையாளம் என்பது, ‘இவர் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவர்’ என்று ஊரும் நாமும் மனதில் வைத்திருக்கும் எண்ணம். சாதி, மதம், ஆண் பெண் எல்லாம் இதில் அடங்கும். அது வெறும் பெயராக நிற்பதில்லை. நாம் செய்யும் வேலைக்குள்ளும் புகுந்துவிடும்.

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரின் ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. உத்தரப் பிரதேசத்தில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சரியாகப் போட்டால் காசு. சாதியைச் சொல்லாதபோது மேல்சாதிப் பையன்களும் பட்டியல் சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமம். வேறு குழுக்களில் பெயர், ஊர், அப்பா பெயர், அப்புறம் சாதி என்று எல்லார் முன்னாலும் வாசித்தபோது, பட்டியல் சாதிப் பையன்கள் போட்ட புதிர்கள் நன்றாகவே குறைந்தன. படிக்கும்போதே மனம் கனக்கிறது.

ஏன் குறைந்தது? பாதிக் கவனம் ‘என்ன நினைப்பார்களோ’ என்பதில் போய்விடுகிறது. ‘எப்படியும் நமக்கு நியாயம் கிடைக்காது’ என்ற பழகிப்போன எண்ணமும் கையைக் கட்டுகிறது. விளிம்புவரை டீ நிரம்பிய டம்ளரோடு நடக்கும்போது, பின்னாலிருந்து யாராவது “கொட்டிடப் போற” என்றால் கை ஆடுமே, அதுபோல.

அந்தப் பிள்ளைகளுக்கு மனத்திடம் போதவில்லை என்று சிலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு, சாதி வாசிக்கப்படாத அறையில் அதே பின்னணிப் பிள்ளைகள் அதே மாதிரிப் புதிர்களைச் சமமாகப் போட்டார்கள்.