வாசகர் கேள்வி – பதில்: மழை, நிழல், மணல், காந்தம்

2 லிட்டர் குளிர்பான பாட்டிலை வெட்டி மழைமானி செய்து பள்ளி மொட்டைமாடியில் வைத்திருக்கிறோம். ஸ்கேல் ஒட்டி மி.மீ. பார்க்கிறோம். பேப்பரில் வரும் அம்பாசமுத்திரம் அளவோடு ஒருநாளும் ஒத்துவரவில்லை. எங்கே தப்பு?
– பத்தாம் வகுப்பு மாணவர்கள், விக்கிரமசிங்கபுரம்

முதல் தப்பு ஸ்கேல். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே நிற்கும் தண்ணீரின் உயரத்தை வைத்து மழையைச் சொல்ல முடியாது. கூழாங்கல் போட்டிருந்தால் கணக்கு இன்னும் கெடும். ஸ்கேலை எடுத்துவிட்டு, விழுந்த தண்ணீரை அளவுக் குவளையிலோ ஊசி போடும் சிரிஞ்சிலோ அளந்து மில்லிலிட்டரில் எழுதுங்கள்.

பாட்டிலை, தோள் முடிந்து நேராக இறங்கும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய மேல்துண்டை மூடியில்லாமல் தலைகீழாகச் செருகி, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினால் அதுவே புனல். புனலின் வாய் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. தண்ணீரை (மி.லி.) பத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால் மழை மி.மீ.-இல் கிடைக்கும். 157 மி.லி. விழுந்திருந்தால் 20 மி.மீ. விட்டத்தைக் கவனமாக அளக்க வேண்டும், 10 செ.மீ.-ஐ 10.5 என்று எடுத்துவிட்டால் மழை ஏறக்குறைய பத்து சதவீதம் குறைந்துபோகும்.

இரண்டாவது, மொட்டைமாடி. கட்டடத்தில் மோதி மேலே ஏறும் காற்று, துளிகளைப் புனலுக்கு மேலாகவே தள்ளிக்கொண்டு போய்விடும். மழைமானியைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். வாய் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், வெட்டிய பாட்டிலை ஒரு செங்கல்மேல் வைத்தால் கிட்டத்தட்ட அந்த உயரம் வந்துவிடும். பக்கத்தில் குச்சி நட்டுக் கட்டுங்கள், குச்சியின் நுனி வாய்க்குக் கீழேயே நிற்க வேண்டும். வேப்பமரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்க வேண்டும். சிமெண்ட் தரை வேண்டாம், தெறிக்கும் தண்ணீர் உள்ளே விழும். புல் தரை நல்லது.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: நேரம். வானிலைத் துறை காலை 8.30-க்கு அளந்து, முந்தைய 24 மணி நேர மழை முழுவதையும் அன்றைய தேதியில் எழுதுகிறது. செவ்வாய் இரவு பெய்த மழை புதன் கணக்கில்தான் வரும். நீங்கள் அதைச் செவ்வாயில் எழுதியிருந்தால் இரண்டு நாளும் தப்பாகத் தெரியும்.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் அம்பாசமுத்திரம் அளவு அப்படியே வராது, வரவும் கூடாது. நீங்கள் மலையடிவாரத்தில் இருக்கிறீர்கள். பொதிகை மலையில் மோதி மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து மழையாகிறது. அதனால்தான் மலைமேல் உள்ள மாஞ்சோலையும் நாலுமுக்கும் நனைகிற நாளில் பாளையங்கோட்டை காய்ந்து கிடக்கிறது. உங்கள் அளவைப் பாபநாசம் அணை அளவோடும் அம்பாசமுத்திரம் அளவோடும் சேர்த்து மூன்று கோடுகளாக வரையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடர்ந்து எடுத்தால் அருமையான செயல்திட்டம்.

கனமழை நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து கொட்டிக் கூட்டிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மி.மீ. பெய்தது, உங்கள் பாட்டில் 200 மி.மீ.-க்கு முன்பே வழிந்திருக்கும்.

மார்ச் 21 அன்று சூரியன் தலைக்குமேல் என்று பாடம் நடத்தி, பகல் 12 மணிக்கு 1 மீட்டர் கம்பியை நட்டுக் காட்டினேன். 19 செ.மீ. நிழல் விழுந்தது, அதுவும் வடமேற்காக. ஏன்?
– ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை

நீங்கள் அளந்தது மிகச் சரி. மார்ச் 21-இல் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கிறது; நாம் அதற்கு வடக்கே 8.7 டிகிரியில் இருக்கிறோம். நம் உச்சிப்பொழுதும் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது; நெல்லை 77.7-இல் இருப்பதால் சுமார் 19 நிமிடம் தாமதம், மார்ச் மாதத்தில் இன்னும் ஒரு 7 நிமிடம் சேரும். 12.26-க்கு அளந்திருந்தால் நிழல் நேர் வடக்கே 15 செ.மீ. ஆகியிருக்கும்.

நிழல் மறையும் நாள் நமக்கு ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 31-ஐ ஒட்டியும், பகல் 12.20 வாக்கில் வரும். கம்பியைவிட 1 மீட்டர் பி.வி.சி. குழாய் மேல். தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். அன்று குழாயின் உள்வட்டம் முழுவதும் வெளிச்சமாக இருக்கும்; ஒருநாள் முன்பின் என்றால் ஓரத்தில் 6 மி.மீ. அளவு நிழல் கீற்று தெரியும்.

அதே நாளில் சென்னையில் ஒரு பள்ளி 12.10-க்கு 1 மீட்டர் கம்பியின் நிழலை அளந்தால் 7.6 செ.மீ. இருக்கும், அதாவது 4.35 டிகிரி. இரண்டு ஊருக்கும் தென்வடல் இடைவெளி சுமார் 480 கி.மீ. 360-ஐ 4.35-ஆல் வகுத்து 480-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கி.மீ.-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பஸ் போகும் சாலைத் தூரத்தைப் போட்டுவிடாதீர்கள், விடை ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும்.

எங்கள் ஊர்த் தேரி (செம்மணல் மேடு) மண்ணில் காந்தத்தை வைத்தால் கறுப்புத் தூள் ஒட்டுகிறது. மண் சிவப்பாக இருப்பதற்கும் அதுதான் காரணமா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திசையன்விளை

இல்லை, இரண்டும் வேறு வேறு. காந்தத்தில் ஒட்டுவது பெரும்பாலும் மேக்னடைட் என்ற கறுப்பு இரும்புத் தாது. சிவப்பு நிறம், குவார்ட்ஸ் மணிகளின்மேல் படிந்த ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு பூச்சு. ஒரு தேக்கரண்டி காய்ந்த மண்ணை வெள்ளைத் தாளில் பரப்பி, பாலித்தீன் உறையில் சுற்றிய காந்தத்தை மேலே நகர்த்துங்கள். உறை இல்லாவிட்டால் தூளைக் காந்தத்திலிருந்து பிரிக்கவே முடியாது. மிஞ்சிய மண்ணைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், பக்கத்தில் தாமிரபரணி மணலையும் வைத்து. காற்று உருட்டிய தேரி மணிகள் மழுங்கி உருண்டிருக்கும். ஆற்று மணலில் முனைகள் கூர்மையாகத் தெரியும்.

ஆய்வகத்தில் காந்தச் சரிவு (காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) அளந்தால் ஊசி ஏறக்குறைய கிடையாகவே நிற்கிறது. கருவி பழுதா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், மேலப்பாளையம்

கருவியின்மேல் குற்றம் இல்லை. காந்த நடுக்கோடு, அதாவது சரிவே இல்லாத இடங்களை இணைக்கும் கோடு, நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது, அதனால் இங்கே சரிவு சுழிக்கு மிக அருகில் இருக்கும். 1963 நவம்பர் 21-இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நெல்லை அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் காரணம் இந்தக் கோடுதான். இதன்மேல் சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகலில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது, அதை ஆராய இந்த இடங்கள் வசதி.

சந்தேகம் தீர வேண்டுமானால், காந்தமாக்காத தையல் ஊசியை நடுவில் நூல் கட்டிக் கிடையாக நிறுத்துங்கள். பிறகு காந்தத்தால் ஒரே திசையில் ஐம்பது முறை தேய்த்து மறுபடி தொங்கவிடுங்கள், அப்போதும் ஏறக்குறைய கிடையாகவே நின்றால் சரிவு மிகக் குறைவு என்று பொருள். இரும்பு மேசையும் செல்போனும் பக்கத்தில் வேண்டாம்.

விண்வெளி, நிலவியல், சுற்றுச்சூழல் போன்ற துறைகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுக்க வேண்டும்?
– ஒரு பெற்றோர், ராதாபுரம்

கணிதம், இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவு எல்லாக் கதவையும் திறந்து வைக்கும். விண்வெளிப் பொறியியலுக்குத் திருவனந்தபுரத்தில் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் (ஐ.ஐ.எஸ்.டி.) இருக்கிறது, அங்கே பி.டெக். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் எழுத வேண்டும். நிலவியல் பட்டப்படிப்பு பக்கத்திலேயே, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் உண்டு. சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலைக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஆழ்வார்குறிச்சி மையத்தைக் கேட்டுப் பாருங்கள்.