பாதியில் நிற்கும் கை

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். ஆறு மாதங்களுக்கு முன் உரிமம் எடுத்து ஒரு கார்பெட் பைத்தான் (ஆஸ்திரேலிய மலைப்பாம்பு வகை) குட்டி வாங்கினேன். இப்போது முக்கால் மீட்டர் நீளம் இருக்கும். தொட்டியைத் திறந்தாலே கழுத்தை வளைத்துக்கொண்டு சீறுகிறது. மூன்று முறை கொத்திவிட்டது. இரண்டு மாதங்களாக அதைத் தொடவே இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றவே கை நடுங்குகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், “அதுக்கு உன்மேல வஞ்சம்” என்கிறார். யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம், சிட்னி

பதில்: பாம்பு வஞ்சம் வைக்காது. அதை மாமியாரிடம் சொல்லும் பொறுப்பு உங்களுடையது. முக்கால் மீட்டர் குட்டிக்குக் கண்ணில் படுவதெல்லாம் எதிரிதான். காட்டில் இந்த அளவில் இருக்கும்போது பருந்து, கூக்கபரா என்ற பறவை, உடும்பு என்று எது வேண்டுமானாலும் அதைத் தின்றுவிடும். அதனால் மேலிருந்து இறங்கும் எதுவும் அதற்கு ஆபத்துதான். உங்கள் கையும் மேலிருந்துதான் இறங்குகிறது. அதுவும் நேராக வராமல், பயத்தில் தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் நின்று, கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி வருகிறது. பருந்து வட்டமிடுவதும் இப்படித்தான்.

மூன்று முறை கொத்தியது என்கிறீர்கள். எப்படிக் கொத்தியது என்று எழுதவில்லையே! பயத்தில் கொத்தினால் கழுத்தை ‘எஸ்’ போல மடக்கிச் சீறும், பாயும், பட்டவுடன் விட்டுவிடும். சில நேரம் வாயைத் திறக்காமலே முட்டும். இரை என்று நினைத்துக் கொத்தும்போது சீற்றமே இருக்காது. நாக்கை நீட்டி நீட்டி மெதுவாக முன்னால் வரும், சட்டென்று கவ்வும், விடாமல் உடலைச் சுற்றும். கார்பெட் பைத்தானின் உதட்டுச் செதில்களில் வெப்பத்தை உணரும் குழிகள் உண்டு. எலி வாசனை ஒட்டிய சூடான கை அதற்கு எலிதான். முதலாவதற்கு மருந்து பழக்கம். இரண்டாவதற்கு மருந்து, ‘இப்போது சாப்பாடு இல்லை’ என்று முன்கூட்டியே தெரிவிப்பது.

பாம்பைத் தொடுவதற்கு முன் தொட்டியைச் சரிபாருங்கள். பெரிய கண்ணாடித் தொட்டியில், ஒளிய இடமில்லாமல், நாலு பக்கமும் ஆள் நடமாட்டம் தெரிய வைத்திருந்தால் எந்தக் குட்டியும் சீறத்தான் செய்யும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று இரண்டு மறைவிடம் வேண்டும். சுருண்டு படுத்தால் உடல் சுவரில் உரச வேண்டும், அவ்வளவு சிறியதாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. சூடான பக்கம் 32–34 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24–26, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். தொட்டியின் மூன்று பக்கத்தை அட்டையால் மூடுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு இரண்டு வாரம் சும்மா இருந்தாலே பல குட்டிகள் பாதி அடங்கிவிடும். இரையும் ஒழுங்காகப் போகட்டும். இந்த வயதில் 7–10 நாளுக்கு ஒருமுறை, உடலின் தடித்த பகுதி அளவுக்கு ஒரு எலி போதும். உறையவைத்த எலியைப் பனி நீக்கி, சூடாக்கி, 30 செ.மீ. இடுக்கியால் நீட்டுங்கள், விரலால் வேண்டாம். இரை கொடுக்க வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். சாப்பிட்ட சூட்டில் இருக்கும் பாம்பைத் திரும்பத் தூக்கி வைப்பது, வலியக் கடி வாங்குவதற்குச் சமம். கக்கிவிடவும் கூடும்.

இனி, தூக்கும் நாள். இரை கொடுத்து 48 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், பெரிய இரை என்றால் இன்னும் இரண்டு நாள். கண் பால்நிறமாக மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, கண் சரியாகத் தெரியாது, உரித்து முடிக்கும்வரை விட்டுவிடுங்கள். கார்பெட் பைத்தான் பெரும்பாலும் இருட்டியபின் வேட்டையாடும், அதனால் பகலில் எடுங்கள். கையை வாசனையில்லாத சோப்பால் கழுவுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் அதைத் தடவிய கையோடும் போகாதீர்கள்.

60 செ.மீ. அளவில் ஒரு பாம்புக் கொக்கி வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியைத் திறந்ததும் கொக்கியின் வளைந்த முனையால் கழுத்துக்குச் சற்றுப் பின்னால் மெதுவாக இரண்டு முறை தடவுங்கள். குத்த வேண்டாம், தடவினால் போதும். சாப்பாடு ஒருநாளும் இப்படி வராது என்பது சில வாரங்களில் அதற்குப் பதிந்துவிடும். அதனால் இரை நாளில் கொக்கியைத் தொட்டிக்குள் கொண்டுபோகவே கூடாது. தடவியபின் தலை பின்வாங்கினால், உடலின் நடுப்பகுதிக்கு அடியில் கொக்கியை நுழைத்துத் தூக்கி, மற்றக் கையைப் பக்கவாட்டிலிருந்து அடியில் கொடுத்து வாங்குங்கள். தொடங்கிவிட்டால் நிறுத்தக்கூடாது. மெதுவாக, ஆனால் ஒரே ஓட்டத்தில். தலைக்குப் பின்னால் பிடித்து அமுக்காதீர்கள், இரைகொல்லி பிடிப்பது அப்படித்தான். கை கிளைபோல இருக்கட்டும், பாம்பு தானாக ஏறட்டும்.

மிகவும் சீறுகிறதா? கைக்குட்டை அளவு துணியை மேலே போட்டுத் துணியோடு சேர்த்து எடுங்கள். கண் மறைந்தால் சீற்றம் குறையும். தடித்த தோல் கையுறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைப் போட்டால் எவ்வளவு இறுக்குகிறோம் என்பது தெரியாது, பாம்பின் பல்லும் தோலில் மாட்டி உடையும். உங்கள் பயத்துக்கு முதல் இரண்டு வாரம் நீளக்கை சட்டையும் மெல்லிய தோட்ட வேலைக் கையுறையும் போதும். முதலில் ஐந்து நிமிடம், வாரம் மூன்று முறை. பழகியபின் பதினைந்து நிமிடம். முக்கியமானது முடிக்கும் நேரம். கொத்தியவுடன் திரும்ப வைத்தால், கொத்தினால் விடுவார்கள் என்று கற்றுக்கொள்ளும். அடங்கி நாக்கை நீட்டும் வரை ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு வையுங்கள்.

பயத்துக்கு வருவோம். உண்மையில் இந்த அளவுக் குட்டியின் கடி ரோஜாச் செடியில் கை உரசியது போலத்தான். பைத்தானுக்கு விஷமில்லை. மேல்தாடையில் நான்கு வரிசை, கீழ்த்தாடையில் இரண்டு வரிசை, ஊசிபோல மெல்லிய பற்கள், எல்லாம் உள்நோக்கி வளைந்தவை. பட்டால் லாடம் போலப் புள்ளி புள்ளியாக இரத்தம் வரும். பார்க்கப் பெரிதாகத் தோன்றும், ஆழம் குறைவு. காயம் பெரிதாவது நாம் கையை வெடுக்கென்று இழுக்கும்போதுதான். வளைந்த பல் தோலைக் கிழிக்கும், சில நேரம் பல்லே உடைந்து உள்ளே தங்கிவிடும். அதனால் தொட்டியருகே உட்கார்ந்து தினம் ஐந்து நிமிடம் இதை மட்டும் பழகுங்கள்: கண்ணாடிக்கு வெளியே உள்ளங்கையை வைத்து, பாம்பு பாய்ந்து முட்டினாலும் இழுக்காமல் இருப்பது. பாவம், அது கண்ணாடியில் மூக்கை மோதினால் நிறுத்திவிடுங்கள், அட்டையை நடுவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். அடுத்த வாரம் கொக்கியோடு கிண்ணம் மாற்றுவது. அதற்கடுத்து வாலருகே புறங்கையால் தொடுவது. விரல் நீட்ட வேண்டாம்.

கடித்துவிட்டு விடவில்லையா? கையை அசைக்காமல் வைத்து, தலையில் குளிர்ந்த நீரை மெல்ல ஊற்றுங்கள். வாயைக் கம்பியால் நெம்பாதீர்கள். உடலைச் சுற்றியிருந்தால் வால் பக்கமிருந்து அவிழ்க்க வேண்டும். பிறகு சோப்பு, ஓடும் நீர், ஐந்து நிமிட அழுத்தம், கிருமிநாசினி. உடைந்த பல் இருக்கிறதா என்று பாருங்கள், டெட்டனஸ் ஊசி நடப்பில் இருக்கட்டும். மறுநாள் சிவந்து வீங்கினால் மருத்துவர். இது முழுக்க உங்கள் பைத்தானுக்கு மட்டும். தோட்டத்தில் வேறு எந்தப் பாம்பு கடித்தாலும் கழுவவே கூடாது, விஷத்தை அடையாளம் காணத் தோலில் இருக்கும் அந்தத் துளி உதவும். அழுத்தக் கட்டுப் போட்டு, அசையாமல் இருந்து, அவசர உதவி எண் 000-ஐ அழையுங்கள்.

சாதுவாக இருந்த பாம்பு திடீரென்று சீறத் தொடங்கியதென்றால் பழக்கிப் பயனில்லை. தண்ணீரில் மிளகுத்தூள் போல உண்ணி மிதக்கிறதா, வாயோரம் சீழ் இருக்கிறதா, வயிற்றில் சூடு பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கொடுத்துவிடலாமா என்றால், நான் இன்னும் ஆறு மாதம் கேட்பேன். குட்டியில் பேயாக இருக்கும் கார்பெட் பைத்தான் வளர்ந்தபின் அடங்குவதுதான் பெரும்பாலும் நடப்பது. அடங்காத ஒன்றிரண்டும் உண்டு. அதையும் கண்ணாடிக்கு அப்பால் வைத்துப் பார்த்துக்கொண்டே நன்றாக வளர்க்கலாம். ஆனால் கரையோர வகை இரண்டு மீட்டரைத் தாண்டும், அப்போதும் இந்த நடுக்கம் இருந்தால் உங்களுக்கும் கஷ்டம், அதற்கும் கஷ்டம். கொடுப்பதென்றால் உரிமம் உள்ளவருக்கே கொடுத்து, பதிவேட்டில் எழுதுங்கள். புதரில் கொண்டுபோய் விடுவது சட்டப்படியும் குற்றம். தமிழ்நாட்டில் இதை வாசித்துவிட்டு மலைப்பாம்புக் குட்டி தேடுபவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது.

தொட்டிக்குப் பூட்டு இருக்கிறதா என்றும் எழுதவில்லை. மாமியார் இருக்கும்வரையாவது போடுங்கள். அவர் போனபின்பும் எடுக்காதீர்கள், கதவில் விரல் அகலம் இடைவெளி இருந்தாலே குட்டி வெளியே வந்துவிடும்.