வாங்குவது 1200, அனுப்புவது 75: புது கேபிள் உதவுமா?

கேள்வி: என் பழைய வி.23 மோடம் (தொலைபேசி வழியே தரவு அனுப்பும் பழைய தரம்) நொடிக்கு 1200 பிட் வேகத்தில் வாங்கி, 75 பிட் வேகத்தில் அனுப்புகிறது. பிசியின் சீரியல் போர்ட்டை 1200-க்கு வைத்தால் திரை சுத்தமாக வருகிறது, நான் தட்டுவது மறுமுனைக்குப் போவதில்லை. 75-க்கு வைத்தால் தட்டுவது போகிறது, திரை முழுக்கக் குப்பை. யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் புது கேபிள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. 'எல்லா வேகத்துக்கும் ஒத்துவரும்' என்று கேபிளைத் தலையில் கட்டுகிறவர்களிடம், போகவும் வரவும் வெவ்வேறு வேகம் ஒரே நேரத்தில் வருமா என்று கேளுங்கள். பேச்சை மாற்றுவார்கள். சில கேபிள்கள் 75 வரை இறங்குவதே இல்லை.

சிக்கல் பிசியின் சீரியல் போர்ட்டில் இருக்கிறது. இரண்டு திசைக்கும் அதில் வேகத்தை முடிவு செய்வது ஒரே கடிகாரம். இத்தனைக்கும் சீரியல் போர்ட்டை இயக்கிய பழைய 8250 சிப்பில் வரத்துக்கென்றே தனிக் கடிகாரக் கால் உண்டு! போர்டு செய்தவர்கள் அதையும் அனுப்பும் கடிகாரத்தோடு சேர்த்து இணைத்துவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தின் பலனை இன்னும் நாம்தான் அனுபவிக்கிறோம்.

மோடத்தின் கையேட்டில் வேக பஃபர் வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஒன்று அது இல்லை, அல்லது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இருந்தால் இயக்கிவிட்டு போர்ட்டை 1200-லேயே விடுங்கள். நீங்கள் தட்டுவதை மோடம் வாங்கி வைத்துக்கொண்டு 75-இல் மெல்ல விடும்.

ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. எழுத்துக்கு 10 பிட் என்றால் 75-இல் நொடிக்கு ஏழரை எழுத்துதான் போகும். கையால் நிதானமாகத் தட்டும்வரை கவலையில்லை. ஒரு கோப்பை அனுப்பினால் போர்ட் நொடிக்கு 120 எழுத்தைத் தள்ளும். பஃபர் நிரம்பியதும் மீதி சத்தமில்லாமல் தொலையும். அதைத் தடுக்க ஆர்டிஎஸ்/சிடிஎஸ் கட்டுப்பாடு (இடமில்லாதபோது 'நிறுத்து' என்று மோடம் சிடிஎஸ் கம்பி வழியே பிசிக்குச் சொல்லும் ஏற்பாடு) வேண்டும், அதுவும் மென்பொருள், மோடம் இரண்டிலும். ஒன்றில் மட்டும் போட்டால் போடாத மாதிரிதான். கேபிளிலும் அந்தக் கம்பி இருக்க வேண்டும்: மூன்றே கம்பி உள்ள மலிவுக் கேபிளில் சிடிஎஸ் கிடையாது. மோடத்தின் 25 பின் முனையில் 5-ஆம் பின்னும் பிசியின் 9 பின் முனையில் 8-ஆம் பின்னும் இணைந்திருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

பஃபரே இல்லையா? அப்புறம் நிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். போர்ட் 1200-இல் வாங்கிக்கொண்டே இருக்கட்டும். அனுப்ப வேண்டியதை 'பிரேக்' நிலையை (அனுப்பும் கம்பியை 0-விலேயே பிடித்து வைப்பது) போட்டும் எடுத்தும் ஒவ்வொரு பிட்டாக நிரலே அனுப்பலாம். பிரேக் போட்டால் 0, எடுத்தால் 1. ஒரு பிட்டுக்கு 13.33 மில்லிநொடி. பல வேலைகளை ஒன்றாகச் செய்யும் இன்றைய கணினியில் இந்தக் கணக்கு தடுமாறலாம், பழைய டாஸ் இயந்திரத்தில் நன்றாகவே ஓடும்.