நாவல் எழுத வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான். இருபது ஆண்டுகளாக ஒரு நாவல் மனதில் கிடக்கிறது. இருபது பக்கத்துக்கு மேல் நகரவில்லை. வீட்டுக் கடன் தவணையையும் சேர்த்து 14 மாதச் செலவுக்கான பணம் சேமிப்பில் இருக்கிறது. ஓர் ஆண்டு வேலையை விட்டுவிட்டு எழுதி முடிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு பதிப்பக நிறுவனம், நான் பணம் கட்டினால் ஆயிரம் பிரதி அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறது. அந்தத் தொகை என் மூன்று மாதச் செலவுக்குச் சமம். இன்னும் இரண்டு ஆண்டில் மகன் கல்லூரிக்குப் போக வேண்டும். என் திட்டம் சரிதானா?

பதில்: கணக்கை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கூட்டிப் பார்க்கத்தான் இல்லை. கையில் 14 மாதம். எழுத 12, அச்சிட 3. புத்தகம் வெளிவரும் நாளில் ஒரு மாதச் செலவுக்குக் கடன்பட்டிருப்பீர்கள். அதன் பிறகுதான் வேலை தேடத் தொடங்க வேண்டும், கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டும். ஆகவே வேலையை விட வேண்டாம். நாவலையும் விட வேண்டாம்.

புத்தகத்தின் வருமானத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். பதிப்பாளர் தன் செலவில் வெளியிட்டு, விலையில் பத்து சதவீதம் உரிமைத்தொகை தருகிறார் என்று வையுங்கள். ஆயிரம் பிரதியும் விற்றுத் தீர்ந்தால் உங்களுக்குக் கிடைப்பது நூறு புத்தகங்களின் விலை. ஓர் ஆண்டுச் சம்பளத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பயணம் போவதற்கும் இசை கற்பதற்கும் செலவழிக்கும்போது யாரும் லாபம் கேட்பதில்லை. இதையும் அந்தக் கணக்கில் எழுதுங்கள், முதலீட்டுக் கணக்கில் எழுதாதீர்கள்.

பணம் கட்டச் சொல்லும் நிறுவனத்துக்கு வாசகர் வாடிக்கையாளர் அல்ல, நீங்கள்தான். நீங்கள் காசோலை கொடுத்த அன்றே அதன் வியாபாரம் முடிந்துவிடுகிறது. ஒரு பிரதி கூட விற்காவிட்டாலும் அதற்கு நஷ்டமில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவருடைய கட்டிலுக்கு அடியில் எட்டு ஆண்டுகளாக அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. நல்ல கவிஞர்தான், ஆனால் விருந்தாளிகள் அவர் வீட்டுக்குப் போகத் தயங்குகிறார்கள். சொந்தமாக வெளியிட்டே தீருவேன் என்றால், தேவைக்கேற்ப அச்சிடும் முறை இருக்கிறது. ஆர்டர் வந்த பிறகு ஒரு பிரதி அச்சாகும். பிரதிக்கான அடக்கவிலை கூடும், ஆனால் பெட்டிகள் சேராது. மின்னூலுக்கு அச்சுச் செலவே இல்லை.

உங்களுக்குப் பற்றாக்குறை பணத்தில் இல்லை, நேரத்தில். இருபது ஆண்டில் இருபது பக்கம் என்றால், ஓர் ஆண்டு முழுக்க விடுமுறை கிடைத்தாலும் முதல் மூன்று மாதம் மேசையை ஒழுங்குபடுத்துவதில் போய்விடும் என்பது என் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிராலப் 1867 வரை அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். அதிகாலை ஐந்தரை மணிக்கு எழுத உட்காருவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல். தன்னை எழுப்புவதற்காகவே பணியாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். எழுத்துக்காகச் செய்த செலவுகளில் இவ்வளவு லாபமான ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் வேகம் நமக்கு வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம், 300 சொல், வாரத்தில் ஐந்து நாள். நாற்பது வாரத்தில் 60,000 சொல்லாகிவிடும், அது ஒரு நாவலின் முதல் வரைவுக்குப் போதும். அந்த ஒரு மணி நேரத்தைப் பணம் கொடுத்தாவது வாங்குங்கள். வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதானாலும் சரி, அலுவலகத்துக்கு அருகில் வாடகைக்குப் போவதானாலும் சரி, இந்தச் செலவுக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

நீண்ட விடுப்பு உண்மையில் தேவைப்படுவது இரண்டாம் வரைவுக்கு. முதல் வரைவைத் துண்டு துண்டாக எழுதலாம். திருத்தும்போது முழு நாவலும் தலைக்குள் இருந்தாக வேண்டும், அதற்கு இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். ஆறு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுங்கள். ஒன்றரை மாதச் செலவு. எழுதியதைத் திருத்திச் செம்மைப்படுத்தித் தரும் தேர்ந்த செம்மையாக்குநர் ஒருவருக்கு இன்னொரு மாதம் ஒதுக்குங்கள், நாவலுக்காகப் பணம் போக வேண்டிய இடம் அதுதான். ஆக மொத்தம் இரண்டரை மாதம். அவசர நிதியாக ஆறு மாதத்தைத் தொடாமல் தனிக் கணக்கில் வையுங்கள். மீதி ஐந்தரை மாதம் மகனுடைய கல்லூரிக்கு. இரண்டு ஆண்டில் தேவைப்படும் பணம் என்பதால் அதைப் பங்குச் சந்தையில் போட வேண்டாம், வைப்பு நிதியே போதும்.

பதிப்பாளர் கிடைத்து ஒப்பந்தம் வந்தால், 'எல்லா உரிமைகளும்' என்ற சொற்களைக் கண்ட இடத்தில் நிறுத்துங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளைத் தனித்தனியாகப் பேச வேண்டும். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தாளர்களின் உரிமையைக் காக்கும் பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. ஆசிரியரின் ஆயுளுக்குப் பிறகும் குறைந்தது 50 ஆண்டு அது நீடிக்கும், அதாவது உங்கள் மகனுக்கும் சேரும் சொத்து. ஒரு கையெழுத்தில் அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

விடுப்பு விண்ணப்பத்தை இப்போதே கொடுக்க வேண்டாம். 40,000 சொல்லைத் தாண்டிய வாரத்தில் கொடுங்கள்.