உங்கள் ஆதார் நகலுக்கு எத்தனை வருடம் ஆயுள்?

கேள்வி: இரண்டு வருடம் முன்பு கொடைக்கானலில் குடும்பத்தோடு ஒரு லாட்ஜில் தங்கினோம். நால்வர் ஆதாரையும் ஜெராக்ஸ் எடுத்தார்கள், போனிலும் படம் பிடித்துக்கொண்டார்கள். இன்றும் சீசன் வந்தால் வாட்ஸ்அப்பில் சலுகை விளம்பரம் வருகிறது. நகல்களை அழித்துவிடச் சொன்னால், "ரூல்ஸ்படி வச்சிருக்கணும் மேடம்" என்கிறார்கள். அப்படி என்ன ரூல்?
- வாசகி, கோத்தகிரி

பதில்: "எந்தத் தாளுக்கு, எந்த ரூல்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்த லாட்ஜில் உங்கள் பில் இருக்கிறது, வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆதார் நகல் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் கிடையாது.

பில்லை அழிக்கச் சொல்ல உங்களால் முடியாது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் அந்த வருடத்து ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவான ஓட்டல் என்றால், கம்பெனிச் சட்டப்படி 8 நிதியாண்டுகள். பதிவேடு, போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க நமக்கு 2 வருடம் அவகாசம் இருப்பதால், அதுவரை முன்பதிவு விவரங்களை அவர்கள் பத்திரப்படுத்துவதிலும் நியாயம் உண்டு. நாளைக்கு நாமே வழக்குப் போட்டால் அவர்களுக்கும் ஆதாரம் வேண்டுமே.

ஆதார் நகல் கதை வேறு. வந்தவர் இவர்தானா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதியதோடு அதன் வேலை முடிந்தது. வரிக் கணக்குக்கு அது தேவையே இல்லை. பிறகு ஏன் வைத்திருக்கிறார்கள்? பல இடங்களில், தூக்கிப் போடுவது யார் பொறுப்பு என்று யாரும் முடிவு செய்யாததுதான் காரணம். போனில் படமாக வைக்கச் செலவில்லை, அதனால் அழிக்கத் தோன்றுவதும் இல்லை.

போன வருடம் கொடை ஏரிக்கரையில் வறுத்த கடலை வாங்கினேன். சூடு ஆறட்டும் என்று பொட்டலத்தைத் திருப்பினால், யாரோ ஒரு பெண்ணின் ஆதார் நகல். பனி ஈரத்தில் முகம் கரைந்து போயிருந்தது. 12 எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. கடலையைப் பையில் கொட்டிக்கொண்டு தாளைச் சுக்கலாகக் கிழித்தேன். எந்த அலமாரியிலிருந்து அது பழைய பேப்பர் கடைக்குப் போனதோ, தெரியவில்லை. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக வாங்கினார்களோ அந்த வேலை முடிந்தாலோ, நீங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலோ அழித்துவிட வேண்டும். வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் விலக்கு. இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்கள் தயாராக 18 மாத அவகாசம் இருப்பதால், அழிக்கும் கடமை 2027 மே மாதம்தான் முழுதாக நடைமுறைக்கு வரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்தச் சட்டம் டிஜிட்டல் தகவலுக்கு மட்டும். போனில் எடுத்த படம் இதில் அடங்கும்; ஸ்கேன் செய்யாமல் அலமாரியில் கிடக்கும் ஜெராக்ஸ் அடங்காது. எனக்கு இது பெரிய ஓட்டையாகவே படுகிறது.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். போனில் பேசாமல் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலேயே போதும்: "இன்ன தேதியில் தங்கினோம். ஆதார் படங்களையும் நகல்களையும் அழித்து உறுதி செய்யுங்கள். விளம்பரம் அனுப்ப எனக்குச் சம்மதமில்லை." பில்லைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், அதைச் சேர்த்தால் 'ரூல்ஸ்' என்ற பதிலுக்கு நீங்களே வழிவிட்டதாகும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனை கேளுங்கள்.

அடுத்த முறை முதல் 8 எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ்தான் வேண்டும் என்றால், அதன் குறுக்கே லாட்ஜ் பெயர், தேதி, 'தங்குவதற்கு மட்டும்' என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்த பிறகு மலையேறும் முன்பே வண்டி நம்பரும் போன் நம்பரும் கொடுத்துப் பழகிவிட்டோம். அதனால் கவுன்டரில் இன்னொரு தாளை நீட்டக் கை தயங்குவதில்லை. கொஞ்சம் தயங்கலாம்.

கேள்வி: 2019இல் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது கேஸ் ஷீட் கேட்டால் 'அழித்துவிட்டோம்' என்கிறார்கள். இது சரியா?
- வாசகர், தாண்டிக்குடி

பதில்: வருத்தமாக இருந்தாலும், பெரும்பாலும் சரிதான். உள்நோயாளியின் பதிவை, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதே மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. அந்தக் காலத்துக்குள் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும். லாட்ஜ் வேண்டாததை வைத்திருக்கிறது, ஆஸ்பத்திரி வேண்டியதை அழித்துவிடுகிறது. எனவே இனி டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே முழு நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு அப்போது எடுத்த ஸ்கேன், லேப் ரிப்போர்ட் எல்லாம் வீட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் செய்திருந்தால், அதற்குக் கொடுத்த காகிதங்களின் நகல் அந்த நிறுவனத்திடம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.