டைட்டனின் சத்தங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் பிரஷர் வெஸல், அதாவது அழுத்தக் கலன், செய்யும் ஒரு பட்டறையில் பதினேழு வருடமாக வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க ஐந்து பேரோடு இறங்கிய டைட்டன் நீர்மூழ்கி 2023 ஜூனில் காணாமல் போனபோது, விசாரணை முடியும்வரை யாரும் எதையும் ஊகிக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதினீர்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் அப்போது ராப்பகலாக விவாதம். கார்பன் ஃபைபர் உருளையை டைட்டானியம் வளையத்தில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததுமே, அந்த ஒட்டுதான் விட்டிருக்கும் என்று சொன்னேன். நண்பர் ஒருவர் ஜன்னல் என்றார். இப்போது அறிக்கைகள் வந்துவிட்டன. கிட்டத்தட்ட நாங்கள் சொன்னதுதானே? வேலை தெரிந்தவனும் பேசக்கூடாது என்றால் அப்புறம் யார் பேசுவது? அந்தக் குறிப்பு எங்களைப் போன்றவர்களின் வாயை அடைப்பதாக இருந்தது. இன்றும் எனக்கு அந்த வருத்தம் உண்டு.

இன்னொன்று. சாகப்போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? அதில் ஒரு பையனுக்கு 19 வயது. என் மகனுக்கும் அதே வயதுதான்.

எம்., திருச்சி

*

அன்புள்ள எம்.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு விசாரணையில் எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. நீர்மூழ்கிக்கும் மேலே நின்ற போலார் பிரின்ஸ் கப்பலுக்கும் இடையே போய்வந்த குறுஞ்செய்திகள் 2024 செப்டம்பரில் பொது விசாரணையில் காட்டப்பட்டன. இறங்கும் வழியில் ‘இங்கே எல்லாம் சரி’ என்று ஒரு செய்தி வருகிறது. கடைசிச் செய்தி, இரண்டு எடைகளை விட்டுவிட்டோம் என்பது. இறங்கும் வேகத்தைக் குறைக்க வழக்கமாகச் செய்கிற காரியம் அது. அப்போது ஆழம் சுமார் 3,346 மீட்டர். சில நொடிகளில் தொடர்பு அறுந்தது. அந்த ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 330 கிலோவுக்கு மேல் அழுத்திக்கொண்டிருக்கும். நீர்மூழ்கியின் கூடு உள்நோக்கி நொறுங்கினால், வலி என்ற ஒன்று மூளைக்குப் போய்ச் சேருவதற்குக்கூட நேரம் இல்லை. உங்கள் மகனை நினைத்துக்கொண்டு கேட்டீர்கள், அதனால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

அந்த ஜூன் மாதக் கடைசியில் வேறொரு ‘கடைசி உரையாடல்’ சுற்றியது. உங்கள் குழுவுக்கும் வந்திருக்கும். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். எச்சரிக்கை மணி அடிக்கிறது, மேலே வரப் போராடுகிறார்கள், நிமிடம் நிமிடமாகப் பயம் கூடுகிறது. துறைச்சொற்களை அளவோடு போட்டு எழுதியிருந்ததால் விஷயம் தெரிந்தவர்களே நம்பினார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை விசாரணைக் குழுவின் தலைவர் ஜேசன் நியூபாவர், அது முழுக்க இட்டுக்கட்டியது என்று பிறகு சொன்னார். அதற்குள் அது போக வேண்டிய இடமெல்லாம் போய்விட்டது. கணவனையும் மகனையும் ஒரே நாளில் இழந்த அந்தப் பையனின் அம்மா அதைப் படித்திருப்பார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நான் பயந்தது இதற்குத்தான். ஆனால் குறிப்பில் அதை அப்படி எழுதவில்லை. எல்லோரையும் சேர்த்து வாயை மூடச் சொன்னேன். பொய்யைப் புனைகிறவனையும், பசை ஒட்டைப் பற்றிக் கவலைப்படுகிற வெல்டிங் இன்ஸ்பெக்டரையும் ஒரே தட்டில் வைத்தேன். அது தவறு. வருந்துகிறேன்.

சரி, உங்கள் ஊகத்துக்கு வருவோம். 2025 ஆகஸ்டில் வந்த கடலோரக் காவல்படை அறிக்கை, தொடங்கியிருக்கக்கூடிய இடங்களாக இரண்டைச் சொல்கிறது: முன்பக்க டைட்டானியப் பகுதியின் பசை ஒட்டு, அல்லது அதை ஒட்டிய கார்பன் ஃபைபர் சுவர். ஆகவே நீங்கள் சொன்னது தப்பு என்று ஆகவில்லை, சரி என்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது எந்த இடம் முதலில் விட்டது என்பதைவிட எப்போது விட ஆரம்பித்தது என்பது. அதை அந்த ஜூன் மாதத்தில் நாம் யாருமே கேட்கவில்லை.

2022 ஜூலை 15. டைட்டனின் 80ஆவது முழுக்கு. மேலே வரும்போது பெரிய சத்தம் ஒன்று. உள்ளே இருந்தவர்கள் கேட்டார்கள், சுவரில் ஒட்டியிருந்த உணரிகளும் கேட்டன. டைட்டனை இயக்கிய ஓஷன்கேட் நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ், கூடு தன் சட்டகத்துக்குள் நகர்ந்து உட்கார்ந்த சத்தம் என்று விளக்கம் சொன்னார். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அழுத்தத்தில் சுவர் எவ்வளவு சுருங்குகிறது என்று காட்டும் திரிபு அளவுகள் பழைய கோட்டுக்குத் திரும்பவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கைப்படி, சுவரின் அடுக்குகள் அன்றே உள்ளுக்குள் பிரிந்திருந்தன. மழையில் நனைந்த ப்ளைவுட் பார்த்திருப்பீர்கள், மேலே வழவழப்பாகத்தான் இருக்கும், தட்டினால்தான் உள்ளே பொள்ளல் தெரியும். கார்பன் இழை கயிறு மாதிரி, இழுத்தால் தாங்கும், தள்ளினால் மடியும். தள்ளும் விசையைத் தாங்கும் பொறுப்பு இழைகளைப் பிணைக்கும் பிசினுக்கும் அடுக்குகளின் ஒட்டுக்கும் வந்துவிடுகிறது. அந்தக் கூட்டைச் செய்தபோது மிஞ்சிய துண்டுகளைச் சோதித்ததில் சுருக்கங்களும் காற்றுத் துளைகளும் இருந்தன. அந்தக் குளிர்காலம் முழுக்க நீர்மூழ்கி கனடாவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் திறந்த வெளியில் கிடந்தது. அடுத்த வருடம் ஆட்களை ஏற்றிக்கொண்டு மறுபடி இறங்கியது.

அந்த உணரிகளைத்தான் நிறுவனம் தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வெளியாரின் தரச்சான்றே தேவையில்லை, கூடு கெட்டால் அதுவே சொல்லிவிடும் என்றார்கள். அது சொல்லத்தான் செய்தது, எம். பதினொரு மாதம் முன்னாலேயே சொன்னது.

அதற்கும் முன்னால் மனிதர்கள் சொல்லியிருந்தார்கள். டேவிட் லாக்ரிட்ஜ் அந்த நிறுவனத்திலேயே கடல் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். சுவரைச் சேதமின்றிச் சோதித்துப் பாருங்கள், பார்க்கும் ஜன்னலுக்கு 1,300 மீட்டர் வரைதான் சான்று இருக்கிறது, டைட்டானிக் கிடப்பதோ 3,800 மீட்டரில் என்று 2018 ஜனவரியில் எழுத்தில் கொடுத்தார். வேலையை விட்டு நீக்கினார்கள். வழக்கும் போட்டார்கள். அதே ஆண்டு மார்ச்சில் நீர்மூழ்கித் துறையைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் பெயரோடு ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதப்பட்டது, அது ரஷ் கைக்கும் போனது. 2019இல் பஹாமாஸ் அருகே ரஷுடன் டைட்டனில் இறங்கிய, தானும் நீர்மூழ்கி ஓட்டுகிற கார்ல் ஸ்டான்லி, இறங்கும் வழியெல்லாம் கூடு முறியும் சத்தம் கேட்டதாக ரஷுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பிறகு அந்த முதல் கூட்டில் விரிசல் கண்டு அதைக் கழித்தார்கள். புதிய கூட்டையும் அதே கார்பன் ஃபைபரில்தான் செய்தார்கள்.

பொறியியல் விவாதம் என்று நான் மதிப்பது இதைத்தான். இவர்கள் கேமராவுக்கு முன்னால் பேசவில்லை. பேசினால் வேலை போகும், நட்பு போகும் என்று தெரிந்தே ஒருவருடைய முகத்துக்கு நேரே பேசினார்கள். நாம் 2023இல், டைட்டனை ஓட்டப் பயன்பட்ட வீடியோ கேம் கட்டுப்பாட்டுக் கருவியைப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் பேசினோம்! அதற்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்கக் கடற்படையே தன் நீர்மூழ்கிகளில் பார்வைக் கருவியைத் திருப்ப அந்த மாதிரிக் கருவியை வைத்திருக்கிறது.

தேடிய நாட்களில் கடலடியிலிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது என்று செய்தி வந்தது ஞாபகம் இருக்கிறதா? உலகமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 96 மணி நேர ஆக்சிஜன் குறைவதைத் தொலைக்காட்சிகள் கடிகாரம் போட்டுக் காட்டின. நானும் இரண்டு இரவு தூங்காமல் பார்த்தேன். அந்தத் தட்டலுக்கும் டைட்டனுக்கும் தொடர்பில்லை. நொறுங்கிய சத்தத்தைக் அமெரிக்கக் கடற்படையின் ஒலிவாங்கிகள், டைட்டன் இறங்கிய ஜூன் 18ஆம் தேதியே பதிவு செய்திருந்தன. 22ஆம் தேதி, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டரில் சிதைவுகள் கிடைத்தன.

உங்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் நடக்கும்போது வெஸலுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், உங்கள் பட்டறையில் பம்பை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? பக்கத்தில் நிற்கும் ஹெல்ப்பர் பையன் சொன்னால் நிறுத்துவார்களா? டெலிவரி தேதி தாண்டிப்போயிருந்தாலும் நிறுத்துவார்களா? நடப்பதை நடக்கிறபடியே எழுதி அனுப்புங்கள். பட்டறைப் பெயரும் உங்கள் பெயரும் இல்லாமல் வெளியிடுகிறேன். உங்கள் நண்பர்களும் எழுதட்டும்.

மகனுக்கு என் அன்பு.